தானாகப் பூட்டிக்கொள்ளும் மடிக்கணினி: காரணம் என்ன, செய்ய வேண்டியது என்ன?



நோட்டில் கணக்கு எழுதும்போது பாதியில் எழுந்து போய் உலையை இறக்கிவிட்டு வந்தாலும், எழுதினது எழுதினபடியே இருக்கும். மடிக்கணினி அப்படி இல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை கறுத்துப் போகிறது. தட்டினால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. "ஐயோ, இவ்வளவு நேரம் ஏத்தின சேமிப்புக் கணக்கெல்லாம் போச்சா?" என்று மனசு பதறுகிறது.

பதற வேண்டாம். உடனே ரிப்பேர் கடைக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் இது பழுது இல்லை. எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் பூட்ட வேண்டும் என்று உள்ளே வைத்திருக்கும் ஏற்பாடுதான். அதை நாமே பார்த்து மாற்றலாம்.

முதலில் ஒரு கேள்வி

பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும், விட்ட வேலை விட்ட இடத்திலேயே இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

1. எல்லாம் அப்படியே இருக்கிறது: கணினி தூங்கியிருக்கிறது, அல்லது பூட்டிக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திய வீடு மாதிரிதான். உள்ளே சாமான் எதுவும் போகவில்லை.

2. இணையதளம் மட்டும் மறுபடி லாகின் கேட்கிறது: இது கணினியின் குறை அல்ல. வங்கி, அரசுத் தளங்கள் சில நிமிடம் நாம் எதுவும் செய்யாவிட்டால் பாதுகாப்புக்காகத் தாமே வெளியேற்றிவிடும். அதை நம்மால் மாற்ற முடியாது. பாஸ்புக், ஆதார் நகல், தீர்மான நோட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேவ் செய்யுங்கள்.

3. திறந்து வைத்ததெல்லாம் மூடிக் கிடக்கிறது: கணினி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது, அல்லது கணக்கை விட்டு முழுதாக வெளியேறியிருக்கிறது. சேவ் செய்தது இருக்கும். செய்யாதது போயிருக்கலாம்.

எங்கே போய் மாற்றுவது?

விண்டோஸ் 11 உள்ள கணினியில் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் & பேட்டரி என்று வரிசையாகப் போங்கள். விண்டோஸ் 10-ல் இதே இடத்தின் பெயர் பவர் & ஸ்லீப். திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும், கணினி எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்று அங்கே இருக்கும். பேட்டரியில் ஓடும்போது ஒரு கணக்கு, சார்ஜரில் ஓடும்போது ஒரு கணக்கு. சார்ஜரில் இருக்கும்போது 15 அல்லது 20 நிமிடம் வைத்தால் கணக்கு ஏற்றும் வேலைக்குப் போதும்.

மாற்றியும் சீக்கிரம் பூட்டுகிறதா? இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, ஸ்க்ரீன் சேவர். அதில் 'வெயிட்' என்ற இடத்தில் நிமிடம் குறைவாக இருக்கலாம். இரண்டு, செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால் டைனமிக் லாக் என்று ஒன்று உண்டு. ப்ளூடூத்தில் இணைத்த போனோடு நாம் தள்ளிப் போனால் இது கணினியைப் பூட்டிவிடும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனதுமே பூட்டுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மாற்றவே விடாமல், 'நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால், கணினியைக் கொடுத்த அலுவலகம் அப்படி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாவது வகை என்றால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. அப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்ததை இன்னும் வைத்திருந்தால் பேட்டரி தளர்ந்திருக்கும். சார்ஜரில் போட்டு அதே நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். அணையவில்லை என்றால் பேட்டரிதான் காரணம். சார்ஜரில் இருந்தும் அணைந்தால் விண்டோஸ் அப்டேட் நடந்ததா என்று பாருங்கள். அதில் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் நம் வேலை நேரத்தைக் குறித்தால், அந்த நேரத்தில் அப்டேட்டுக்காகத் தானாக அணைந்து எழாது.

பூட்டையே எடுத்துவிட்டால் என்ன?

"தொல்லையே வேண்டாம், பாஸ்வேர்டை எடுத்துடலாம்" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் சகோதரிகளே. அந்தக் கணினியில் உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் பாக்கி எல்லாம் இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் யாரோ ஒரு எண்ணை மாற்றினால் போதும். கட்டின தவணை கட்டாததாகிவிடும். நாளைக்குக் குழுவில் சண்டை வரும். பணம் போனால் சம்பாதிக்கலாம், நம்பிக்கை போனால் குழுவே நிற்காது. பணப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு யாராவது கடைக்குப் போவோமா?

நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்; பூட்டை எடுக்காதீர்கள். எழுந்திருக்கும் முன் கன்ட்ரோல் சாவியோடு எஸ் அழுத்திச் சேவ் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் சாவியோடு எல் அழுத்திப் பூட்டுங்கள். இரண்டு விநாடி வேலை.

இன்னொன்று. "இங்கிருந்தே சரி செய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் போனில் சொன்னால் போடாதீர்கள். கணினியையே அவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

* நம் கூட்டமைப்புக் கணினியின் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரிய வேண்டும்?
* அது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா?
* கணினியில் ஏற்றிய கணக்கும் பதிவேட்டுக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒரு முறை சரிபார்ப்பது யார்?