தம்பானூர் ஓடையும் வீட்டுச் சுகாதாரமும்

நாகர்கோவில், திருநெல்வேலி முதலிய ஊர்களிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் செல்வோர் இறங்குமிடம் தம்பானூர். 1931-ஆம் ஆண்டு முதல் இங்கு ரயில் நிலையம் இருந்து வருகிறது. அதன் இருப்புப் பாதைகளுக்கு அடியில் ஏறத்தாழ 117 மீட்டர் தூரம் ஓர் ஓடை செல்வதைப் பயணிகளுள் பலர் அறியார். ஆமயிழஞ்சான் தோடு என்பது அதன் பெயர். ஆமைகள் ஊர்ந்து திரிந்த ஓடை என்று பொருள் கூறுவர். நகரின் நடுவே ஓடி ஆக்குளம் காயலை நோக்கிச் செல்லும் இவ்வோடையில் இன்று மிதப்பவை ஆமைகள் அல்ல. பிளாஸ்டிக் பைகளும் புட்டிகளும், சமையலறைக் கழிவுகளுமே.

2024 ஜூலை 13-ஆம் நாள், நிலையத்தின் அடியில் அடைந்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளர் ஒருவரை மழைநீர் இழுத்துச் சென்றது. மூழ்கித் தேடுவோரும் இயந்திரங்களும் குப்பை மலையை ஊடுருவ இயலாமல் தடுமாறினர். இரு நாட்களுக்குப் பின்னரே, ஓடையின் வேறோரிடத்தில் அவருடைய உடல் கிடைத்தது. பொறுப்பு யாருடையது என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. கேரள உயர்நீதிமன்றமும் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வழக்கில் புகுவது நம் நோக்கமன்று. ஆனால் அக்குப்பையில் ஒரு பகுதி, நாள்தோறும் கூட்டிப் பெருக்கித் தூய்மையாக வைக்கப்பட்ட வீடுகளிலிருந்து வெளியேறியதே என்பதை மறுக்க இயலாது. வாயிற்படிக்கு வெளியே எறியப்பட்ட அழுக்கு நோயாக மீண்டும் வீட்டிற்குள் எவ்வாறு வருகிறது என்பதைக் காண்போம்.

முதலாவது வழி எலி. சிந்திக் கிடக்கும் உணவுத் துணுக்குகளை நாடி எலிகள் பெருகுகின்றன. லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி, அதன் சிறுநீருடன் வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது பல நாட்கள் உயிருடன் இருக்க வல்லது. உலர்ந்த இடத்தில் விரைவில் மடிந்துவிடும். தாழ்வான தம்பானூரில் பெருமழைக்குப் பின் முழங்கால் அளவு நீர் நிற்பது வழக்கம். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களைச் சீர்படுத்தும் வேலை தொடங்கப்பட்டதும் இதன் பொருட்டே. அந்நீரில் நடப்பவரின் காலில் சிறு கீறல் இருந்தால் போதும், கிருமி உட்புகும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் முதலியன தோன்றும். இதனை மலையாளத்தில் எலிப்பனி என்பர். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் குணப்படக்கூடிய இந்நோய், தாமதித்தால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து உயிருக்கே தீங்கு செய்யும். வேலையின் பொருட்டு இத்தகைய நீரில் இறங்க நேரிடுவோர் மருத்துவரின் ஆலோசனைப்படி டாக்சிசைக்கிளின் மருந்தை முன்கூட்டியே உட்கொள்ளலாம்.

இரண்டாவது வழி கொசு. இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டியிருக்கிறது. டெங்குக் காய்ச்சல் பரவினால் மக்கள் உடனே நாற்றமடிக்கும் ஓடையைக் குறை கூறுகின்றனர். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ் கொசு. டெங்கு, சிக்குன்குனியா, ஜிக்கா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ தெளிந்த நீரை விரும்புவது. பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டு, அழகுக்காகப் புட்டியில் வளர்க்கும் கொடி, முற்றத்தில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர் ஆகிய இவையே அதன் தொட்டில்கள். 2017-இல் கேரளத்தில் டெங்கு கடுமையாகப் பரவியபோது திருவனந்தபுரம் மாவட்டமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. 2021 ஜூலையில் அம்மாநிலத்தின் முதல் ஜிக்கா நோயும் இம்மாவட்டத்திலேயே கண்டறியப்பட்டது.

பெண் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்ட வைக்கிறது. நீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் கெடாமல் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிகின்றன. ஆகவே நீரைக் கவிழ்த்துக் கொட்டுவது பாதி வேலையே. உட்புறச் சுவரை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். முட்டை பொரிந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆவதால், வாரம் ஒருமுறை இதனைச் செய்தால் போதுமானது. கேரளத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிறன்று வீடுகளிலும் இதற்கென ‘உலர் நாள்’ வகுத்திருப்பது இக்கணக்கைக் கொண்டே. இக்கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. நம்மைக் கடித்த கொசு நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும்!

சமையலறைக் கழிவைப் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். விளப்பில்சாலையிலிருந்த நகரக் குப்பைத் தொழிற்கூடம், அவ்வூர் மக்களின் எதிர்ப்பால் 2011 இறுதியில் மூடப்பட்டது. அதன்பின் மட்கும் கழிவை வீட்டிலேயே குழாய்களிலும் தொட்டிகளிலும் இட்டு எருவாக்கும் முறை பரவிற்று. மட்காதவற்றை ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுதோறும் வந்து பெற்றுச் செல்கின்றனர்.

மூன்றாவது வழி குடிநீர். 1933-இல் அருவிக்கரை நீர்த்திட்டம் தொடங்கியது முதல் கரமனையாற்று நீர் குழாய் வழியே நகருக்கு வருகிறது. எனினும் கிணற்றை நம்பும் இல்லங்கள் இன்றும் பல. கழிவுக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. மூன்று நான்கு சென்ட் நிலத்தில் வீடு கட்டியோர் இதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அடுத்த வீட்டுக் குழியையும் கணக்கிட வேண்டுமல்லவா? நீர் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. கிருமிகளைக் கண்ணால் காண இயலாதாகையால், ஐயமுள்ள நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதலும், கொதிக்க வைத்துப் பருகுதலும் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றைச் சுத்தி செய்யும் முறை இது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் நீரின் அளவு கனமீட்டரில் கிடைக்கும். விட்டம் 2 மீட்டரும் ஆழம் 3 மீட்டருமானால் 9.42 கனமீட்டர், அதாவது 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல சலவைத்தூள் ஏறத்தாழ 24 கிராம் தேவைப்படும். வெள்ளநீர் நேரே கிணற்றில் புகுந்திருந்தால் இருமடங்கு இடுவர். தூளை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். அடிமண்டியைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மை மிகும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீரைப் பயன்படுத்தலாம். கழிவுக்குழி மிக அருகில் இருக்குமாயின் மாசு மீண்டும் ஊறும். அப்போது இதனை அடிக்கடி செய்ய நேரிடும். திறந்து வைத்த தூளின் குளோரின் நாளடைவில் வெளியேறிவிடுமாதலால், இறுக மூடிய பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் அதனைச் சேமித்தல் வேண்டும்.