விதைநெல்லும் பூஞ்சணமும்

மழை மூட்டம் பிடித்தால் லயத்துச் சுவரில் பூஞ்சணம் பூப்பதை நாம் பார்க்கிறோம். மூட்டையில் கிடக்கும் நெல்லையும் அது விட்டுவைப்பதில்லை. நாம் சோறாக உண்ணும் நெல்லின் விதையை வைத்தே இம்முறை இந்தப் பாடத்தைப் படிப்போம்.

அம்பாறைக் கரையோரத்தில் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர் வட்டைகளில் பெரும்போகம் ஐப்பசி மழையோடு தொடங்கும். மாசி, பங்குனியில் அறுவடை. அடுத்த பெரும்போகத்துக்கு ஒதுக்கும் விதை ஏழெட்டு மாதம் சாக்கிலேயே கிடக்க வேண்டும். பக்கத்தில் கடல், காற்றிலும் ஈரம்.

புதிய இன விதை கெட்டால் வேறு வாங்கலாம். பச்சைப்பெருமாள், சுவந்தல் போன்ற பழைய இனங்கள் பெரும்பாலும் விவசாயியின் சாக்கில்தான் உயிர் வாழ்கின்றன. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய பயிர் மூலவள நிலையம் மாதிரி விதைகளைக் குளிரறையில் காக்கிறது. ஆனால் வயல் முழுக்க விதைக்க அது காணாது.

பூஞ்சணம் இரண்டு வழியில் வரும்.

வயலிலிருந்து வருவது ஒன்று. கபிலப் புள்ளி நோயின் பங்கசு விதையோடு வந்து நாற்றைக் கருக்கும். இன்னொரு பங்கசு நாற்றை வெளிறச் செய்து, நெட்டையாக வளரவிட்டுச் சாகடிக்கும்.

களஞ்சியத்தில் பிடிப்பது மற்றது. ஈர நெல்லில் பச்சை, மஞ்சள், சாம்பல் நிறத்தில் படரும், முளையைக் கொல்லும். "பாத்தா நல்ல நெல்லுதானே" என்று நம்பி விதைத்தால், முளைக்காத பிறகுதான் தெரியும். அதற்குள் மழையும் போய்விடும், போகமும் போய்விடும்.

செய்ய வேண்டியவை:

1. நோய் கண்ட பாத்தியில் விதை எடுக்கக் கூடாது.

2. ஈரம் 13 வீதத்துக்கு மேற்படாமல் காய வைக்க வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். ஈரம் ஒரு வீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

3. வெயில் சூடு ஆறிய பிறகே சாக்கில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

4. மூட்டையைச் சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்க வேண்டும்.

5. விதைக்குமுன் உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் மணியை நீக்க வேண்டும். தாழ்ந்ததை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

6. நூறு மணியை ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் ஒரு வாரம் பார்க்க வேண்டும். 85க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை.

பூஞ்சணம் பிடித்த நெல்லைக் குத்திச் சமைக்கக் கூடாது; கோழிக்கும் போடக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சண நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். கழுவினாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. மருந்து தடவிய விதைநெல்லையும் உண்ணக் கூடாது.

நமக்கு வயல் இல்லாவிட்டாலும், லயத்தோரத் தோட்டத்துப் போஞ்சி விதையும் வீட்டு அரிசியும் இருக்கின்றன. அவற்றையும் நன்றாகக் காய வைத்து, ஆறவிட்டு, இறுக மூடும் தகரத்தில் போட்டு, நிலத்தில் படாமல் வைப்போம். ஈரத்தை வெளியே நிறுத்தினால் பூஞ்சணமும் வெளியே நிற்கும்.