அமர்ந்து சுடும்போது அசையாத நிலை

என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளி என்.சி.சி.யில் இருக்கிறாள். சென்ற மாதம் முதல் முறையாகத் துப்பாக்கி சுட்டுவிட்டு வாடிய முகத்துடன் வந்தாள். "கை நடுங்குது தாத்தா. எனக்கு இது வராது" என்றாள்.

1986-ல் ரயில்வே டெரிடோரியல் ஆர்மி முகாமில் நானும் இதையேதான் சொன்னேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் என்.சி.சி.யில் சேர்வதால், அங்கே நான் கற்றதை எழுதுகிறேன். என்.சி.சி.யில் பெரும்பாலும் படுத்தே சுடுவார்கள். ஆனால் 'நிலை' என்பது என்ன என்று புரிந்துகொள்ள, அமர்ந்து பழகுவது எளிது.

முதலில் ஒரு கணக்கு. துப்பாக்கியின் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முனை 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு சுமார் 33 மி.மீ. விலகிவிடும். இந்த 1 மி.மீ.யைத் தசையின் பலத்தால் தடுக்க முடியாது. தசை களைத்தால் நடுங்கும். பாரத்தை எலும்பு தாங்க வேண்டும்.

அமரும் முறை (வலது கைக்காரர்களுக்கு):

1. இலக்குக்கு நேராக உட்காராமல், சுமார் 30 டிகிரி வலப்புறம் திரும்பி அமரவும்.

2. சம்மணமிடுவது போலக் கால்களைக் குறுக்காக மடக்கவும். முழங்கால்கள் பாதங்களின் மேல் படிந்து நிற்கட்டும். தரையில் அமர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம்.

3. இடுப்பிலிருந்து முன்னால் சாயவும். முழங்கை முனையை முழங்கால் சில்லின் மேல் வைத்தால் வழுக்கும். முழங்கைக்குச் சற்று மேலுள்ள தட்டையான பகுதி, முழங்காலின் உட்பக்கத்தில் பதிய வேண்டும்.

4. மூச்சை இயல்பாக விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வரும் இடைவெளியில் சுடவும். எட்டு விநாடிக்குள் முடியாவிட்டால் விரலை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கவும்.

இவ்வளவும் செய்தும் என் குண்டுகள் சிதறின. ஹவில்தார் வந்து, "குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடு. இரண்டு மூச்சு விட்டுத் திற" என்றார். திறந்தபோது குறி, இலக்கைவிட்டு ஒரு சாண் இடப்பக்கம் போயிருந்தது! உடல் பார்க்க விரும்பிய இடம் அதுதான். நான் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், நடுக்கம் அதனால்தான்.

தியோடலைட் சாய்ந்திருந்தால் தொலைநோக்கியைப் பிடித்துத் தள்ளுவோமா? முக்காலியின் காலையல்லவா சரிசெய்வோம்! அதுபோல, குறி பக்கவாட்டில் விலகினால் இருக்கையோடு உடலையே நகர்த்தவும். மேலோ கீழோ விலகினால் முழங்கை பதியும் இடத்தை முன்பின் மாற்றவும். கண்ணைத் திறக்கும்போது குறி தானாக இலக்கில் நிற்கும்வரை விடக்கூடாது.

சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடும் ஜெய்ப்பூரின் அவனி லேகரா, 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். அமர்ந்த நிலைக்கு எவ்வளவு உறுதி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வீட்டில் பழக ஒரு குடை போதும். துப்பாக்கி, சுடுதளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே.

பேத்தி பத்து நாளாகக் கூடத்தில் குடையுடன் அமர்கிறாள். சுவரிலுள்ள காலண்டர்த் தேதிதான் இலக்கு. அடுத்த முறை எத்தனை மதிப்பெண் வாங்குவாளோ! "எனக்கு வராது" என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது.