கடைக் குப்பையும் தோட்டத்து மண்ணும்

நம் வியாபாரச் சகோதரர்களில் சிலர் அடுக்குமாடி வீட்டின் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி வைத்திருக்கிறார்கள். தேசிய பூங்காக் கழகம் 2005-ஆம் ஆண்டு ஆரம்பித்த திட்டம் அது. வெண்டை, கறிவேப்பிலை, ரம்பை முதலியவற்றை வைக்கிறார்கள். முதல் வருஷம் செழிப்பாக வருகிறது. மறு வருஷம் இலை வெளுத்துப்போகிறது. விதையைக் குறை சொல்லுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் குறை மண்ணில்தான் இருக்கிறது.

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சிங்கப்பூரிலோ 2,100-க்கும் மேல். இத்தனை மழையும் மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது; மண்ணும் புளித்துப்போகிறது. வருஷம் முழுவதும் ஒரே உஷ்ணமாதலால், போட்ட இலைதழையும் சீக்கிரம் மக்கி மறைந்துவிடுகிறது. ஊரில் ஒருமுறை ஆட்டுக்கிடை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுபோல் இங்கே இருக்க முடியாது. சிறுகச் சிறுக, விடாமல் போட்டுக்கொண்டே வரவேண்டும்.

இதற்கு இத்தீவின் சரித்திரமே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே சீனத் தோட்டக்காரர்கள் மிளகையும் காம்பிரையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். காம்பிர் என்பது காசுக்கட்டி போன்ற துவர்ப்புச் சரக்கு. தோல் பதனிட ஏற்றுமதியாயிற்று. அதன் இலையைக் காய்ச்சியபின் மிஞ்சும் சக்கையை மிளகுக்கொடியின் அடியில் எருவாகப் போட்டார்கள். ஒரு சரக்கின் கழிவு மற்றொரு சரக்குக்கு முதலாயிற்று. நல்ல வியாபார யோசனைதான்! ஆனால் காம்பிர் நின்ற மண்ணுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுப்புக்காகக் காட்டையும் வெட்டினார்கள். சில வருஷங்களில் மண் சக்தியிழந்ததும் புதுக் காட்டுக்கு நகர்ந்தார்கள். தீவில் இடம் குறைந்ததும் பலர் ஜொகூருக்குப் போனார்கள். முதலைத் தின்று கடை நடத்தினால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

குப்பையை எருவாக்கும் வித்தையை உலகம் நம் குடியானவர்களிடமிருந்தும் கற்றிருக்கிறது. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1905-இல் இந்தியா வந்தவர். இந்தூரில் 1924 முதல் 1931 வரை செடிக்கழிவையும் சாணத்தையும் சாம்பலையும் அடுக்கி, புரட்டிப் போட்டு, சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். இந்தியக் குடியானவர்களைத் தம் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். 1931-இல் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் சேர்ந்து இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள்.

நமக்குச் சாணமும் வேண்டாம், நிலமும் வேண்டாம். மூடியுள்ள ஒரு வாளி போதும். அடியில் துளைகள் இருக்கட்டும். காய்கறித் தோல், வாடிய கீரை, வாழையிலை, தேயிலைச் சக்கை இவையெல்லாம் பச்சைச் சரக்கு. கிழித்த அட்டைப்பெட்டி, காய்ந்த இலை, தேங்காய் நார் ஆகியவை காய்ந்த சரக்கு. பச்சை ஒரு பங்கு போட்டால் காய்ந்தது இரண்டு, மூன்று பங்கு போடவேண்டும். இதில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். பச்சையே நிறைந்தால் காற்றுப் புகாமல் அழுகி நாற்றமெடுக்கும்; பக்கத்து வீட்டார் முறையிடுவார்கள்; அத்துடன் வேலை நின்றுவிடும். மளிகைக் கடைக்காரருக்கோ காய்ந்த சரக்குக்குப் பஞ்சமே இல்லை! நல்ல அட்டையை, அதைப் பொறுக்கிப் பிழைக்கும் முதியவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஈரம்பட்டுக் கிழிந்து அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதே நமக்குப் போதும். ஒட்டுநாடாவையும் பளபளப்பான அச்சுத் தாளையும் நீக்கிவிட வேண்டும்.

கறி, மீன், எலும்பு, எண்ணெய் மிதக்கும் ஆணம், மிஞ்சிய பிரியாணி ஒன்றும் வேண்டாம். எலியும் ஈயும் வரும். உப்பும் செடிக்கு ஆகாது. கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரலாம். ஒழுகினால் அட்டையைக் கூட்டுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கவோ, மூடியிலும் அடித்தட்டிலும் தேங்கவோ விடக்கூடாது. டெங்குக் கொசுவுக்குச் சிறிது தண்ணீர் இருந்தாலே போதும்.

“குப்பையைத்தான் அரசாங்கம் அள்ளிப்போகிறதே” என்று கேட்பவர்களும் உண்டு. வாஸ்தவந்தான். அதை எரித்த சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அவ்விடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கின் மிச்சம் அங்கே போவதற்குப் பதில் நம் பாத்திக்கு வரட்டுமே.

வாளியின் சரக்கு இரண்டு, மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகும். மழை பெய்த மண்ணின் வாசம் வரும். சந்தேகமிருந்தால் ஒரு பிடியைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். திறக்கும்போது நாற்றமடித்தால் இன்னும் பக்குவப்படவில்லை. திரும்ப வாளியில் போட்டுவிடுங்கள். பக்குவமானதைச் செடியின் தண்டில் படாமல் ஓரங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே காய்ந்த இலையால் மூடுங்கள். டிசம்பர் பெருமழைக்கு முன் ஒருமுறை அவசியம் மூடிவிட வேண்டும்.