மேனிக்கேற்ற தாவர வெண்ணெய்

– பத்தாம் வகுப்பு மாணவி

வெண்ணெய் என்றதும் தயிர்ப்பானையும் மத்தும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் மரங்களும் நமக்கு வெண்ணெய் தருகின்றன. சில மரங்களின் விதைகளிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு, எண்ணெய் போல ஓடாமல் கட்டியாக நிற்கும். இதுவே தாவர வெண்ணெய். கால் வெடிப்பு, உதட்டு வெடிப்பு, வறண்ட தோல் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே களிம்பு செய்ய இது உதவும். ஆயினும் எல்லா வெண்ணெயும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

அன்புத் தோழியரே! கொழுப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுந்தால் அது கெட்டியாகும். ஒலியிக் அமிலம் மிகுந்தால் இளகும். எந்த வெண்ணெய் எதற்கு ஏற்றது என்பதை அறிய இதுவே திறவுகோல்.

கோகோ வெண்ணெய்: சாக்லேட்டுக்கு உரிய கோகோ விதையிலிருந்து கிடைப்பது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும் இது உதட்டுக்கு மிக ஏற்றது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் பூசாதிருப்பது நலம்.

ஷியா வெண்ணெய்: கானா, புர்கினா பாசோ முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பெண்களே கொட்டை பொறுக்கி, வறுத்து, அரைத்து எடுப்பது. மென்மையானது, வறண்ட தோலுக்கு உகந்தது. நம் இலுப்பையும் சப்போட்டாவும் ஷியாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பது வியப்பன்றோ!

கோகம் வெண்ணெய்: மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொங்கணத்திலும் வளரும் மரத்தின் விதையிலிருந்து வருவது. சுமார் 40 டிகிரியில்தான் உருகும். கெட்டியான களிம்பு வேண்டும் குதிகால் வெடிப்புக்கு இதுவே சிறந்தது.

மாங்கொட்டை வெண்ணெய்: நாம் தூக்கி எறியும் கொட்டையின் பருப்பிலிருந்து எடுப்பது. மணம் குறைவு, கைகளுக்கும் உடம்புக்கும் ஏற்றது.

குதிகால் களிம்பு செய்முறை: தேன்மெழுகு 10 கிராம், கோகம் வெண்ணெய் 20 கிராம், நல்லெண்ணெய் 30 கிராம். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் உலர்ந்த கிண்ணத்தை வைத்து, மெழுகை முதலில் உருக்கி மற்றவற்றைச் சேர்க்கவும். நேரடித் தீயில் வைக்கலாகாது, பற்றிக்கொள்ளும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கோகத்துக்குப் பதில் ஷியா சேர்த்தால் விரைவில் குளிரவைக்கவும். மெல்ல ஆறினால் மணல்மணலாகிவிடும்.

இக்களிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரோ பன்னீரோ சேரக் கூடாது. நீர் சேர்ந்தால் கிருமிகள் வளரும். ஆகவே ஈரக்கையால் தொடாமல் சிறு கரண்டியால் எடுக்கவும். சிக்கு வாடை வீசினால் எறிந்துவிடவும். வெண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. உள்ள ஈரத்தை வெளியேறாமல் காக்கிறது. எனவே குளித்தபின் ஈரம் காயுமுன் பூசுவதே முறை.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோயுள்ள பாட்டி, தாத்தாவின் பாதத்தில் ஆழமான வெடிப்போ புண்ணோ இருந்தால் களிம்பை நம்பாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. எந்தத் தாவர வெண்ணெயும் நம் நிறத்தை மாற்றாது. மாற்றும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நிறத்தை வெளுக்கச் செய்வதாக விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருப்பு ஒரு நோயன்று, மருந்திட்டு மாற்ற. வெடிப்பும் வறட்சியும் நீங்கி, நோயின்றி இருக்கும் தோலே அழகிய தோல். நாள் முழுதும் ஈரத்தரையில் நின்று உழைக்கும் நம் அன்னையரின் பாதங்களுக்கு முதல் களிம்பைச் செய்து கொடுப்போம். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படுவதைவிடப் பெருமை வேறென்ன?