பயிற்சியாளரின் உண்மையான வெற்றி



கூடைப்பந்துப் போட்டியில் வென்ற அணியின் புகைப்படத்தைப் பாருங்கள். நடுவில் கோப்பை இருக்கும். அதைச் சுற்றி ஆடியவர்கள் நிற்பார்கள். ஓரத்தில் ஒருவர் அமைதியாக நிற்பார். அவரே பயிற்சியாளர். ஆட்டம் நடக்கும்போது அவர் கை பந்தைத் தொடுவதில்லை. அவர் பெயரில் ஒரு புள்ளியும் எழுதப்படுவதில்லை. அப்படியானால் அவர் செய்வதுதான் என்ன? அவருடைய வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

இக்கேள்விக்கு ஒரு பெண்மணியின் பணி வரலாற்றிலிருந்து விடை காண முயல்வோம். அவர் பெயர் கேத்தி ரஷ். அமெரிக்காவில் கன்னியர் நடத்திய ஒரு சிறு மகளிர் கல்லூரியின் அணியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நாட்டின் முதலிடத்தில் நிறுத்தியவர் அவர்.

ஆட்டம் நம்மை வந்தடைந்த வழி

1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். குளிர்காலத்தில் கட்டிடத்துக்குள்ளேயே ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டிப் பந்தை எறியச் செய்தார். வளையத்தின் உயரம் இன்றும் அதே பத்தடிதான்.

மறு ஆண்டே, அதாவது 1892இல், ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் இதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தைவிட ஓர் ஆண்டுதான் இளையது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊரிலிருந்து போரூர், கிண்டி வழியாகச் சைதாப்பேட்டையைத் தாண்டினால் நந்தனம் வரும். அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் விளையாட்டுகளைக் கொண்டு சென்றனர். இந்திய மகளிர் அணித் தலைவியாக விளங்கிய சென்னைப் பெண் அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

பந்துண்டு, களமில்லை

சென்னையில் உடற்கல்விக் கல்லூரி பிறந்த அதே 1920இல், பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே, கன்னியர் சபை ஒன்று மகளிருக்காக ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பின்னாளில் அது இம்மாக்குலேட்டா கல்லூரி என்று பெயர் பெற்றது. நம் வழக்கில் சொன்னால், அமலோற்பவ மாதா கல்லூரி.

1970இல் இக்கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார் கேத்தி ரஷ். அவரே கல்லூரிப் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. விளையாட்டுப் பருவம் முழுவதற்கும் அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். கல்லூரியின் ஆடரங்கு 1967இல் தீயில் எரிந்துவிட்டதால், பயிற்சிக்கு மடத்துக் கட்டிடத்தின் அடித்தளமே கிடைத்தது. மாணவியர் அணிந்தது மடிப்பு வைத்துத் தைத்த கனத்த கம்பளி அங்கி. விளையாட்டுக்காக உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் படிக்க வந்த பெண்கள்.

இருப்பதைக் கணக்கெடுத்து அதிலிருந்து தொடங்குவது பயிற்சியாளரின் முதல் வேலை. இல்லாதவற்றின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தால் பருவம் முடிந்துவிடும்.

பாதிக் களம் முழுக் களமாயிற்று

கேத்தி ரஷ் செய்த பணியின் அருமையை உணர, அக்காலத்து விதி ஒன்றை அறிய வேண்டும். பெண்களால் நீண்ட நேரம் ஓட முடியாது என்ற எண்ணத்தால், அமெரிக்காவில் அவர்களுக்குப் பல்லாண்டுகள் தனி விதிகள் இருந்தன. அணிக்கு ஆறு பேர். மூவர் முன்புறப் பாதியில் நின்று பந்து எறிவர். மற்ற மூவர் பின்புறப் பாதியில் நின்று தடுப்பர். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கும் பெண்ணுக்குக் கூடையில் பந்து எறியும் வாய்ப்பே இல்லை. இவ்விதிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1971இல் கல்லூரி மகளிருக்கும் ஐவர் அணியும் முழுக் களமும் நடைமுறைக்கு வந்தன.

விதி மாறினால் மட்டும் போதாது. முழுக் களத்தில் எப்படி ஆடுவது என்று கற்பிக்க ஆள் வேண்டுமே! கேத்தி ரஷ்ஷின் கணவர் தொழில்முறைக் கூடைப்பந்து நடுவர். ஆண்கள் ஆட்டங்களை நெருங்கிக் கண்டு, அவற்றின் உத்திகளைத் தம் மாணவியருக்கு அப்படியே கற்பித்தார் அவர். பெண்கள்தானே என்று எதையும் குறைத்துக் கற்பிக்கவில்லை.

அவற்றுள் முக்கியமானது முழுக்கள நெருக்குதல். எதிரணி பந்தைத் தன் கூடையின் அடியிலிருந்து உள்ளே போடும்போதே நாம் பின்வாங்காமல் அங்கேயே ஒருத்திக்கு ஒருத்தி நின்று மறிப்பது இது. இன்றைய பன்னாட்டு விதிப்படி பந்தை உள்ளே போட 5 நொடி, நடுக்கோட்டைத் தாண்ட 8 நொடி, கூடையை நோக்கி எறிய 24 நொடி. இந்தக் கடிகாரம் ஓடும்போது எதிரில் இருவர் வந்து மறித்தால் கை தடுமாறும், பந்து தவறும். தவறிய பந்தை எடுத்தவுடன் எதிரணி திரும்புவதற்குள் ஓடிப் புள்ளி எடுப்பது விரைவுத் தாக்குதல்.

சொல்வது எளிது. செய்வதற்கு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒன்றையே நினைக்க வேண்டும். ஒருத்தி சோம்பி நின்றால் அந்த வழியாக எதிரணி தப்பிவிடும். ஆகவே இந்த உத்திக்கு உயரமானவளைவிட உடன் நிற்பவளை நம்பி ஓடுகிறவளே மிகுதியும் தேவை.

முப்பத்திரண்டு புள்ளித் தோல்வி

1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிருக்கென ஒரு புதிய தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் தொடங்கியது. அதற்கு முந்தைய வட்டாரப் போட்டியின் இறுதியாட்டத்தில் இம்மாக்குலேட்டா அணி, வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 70–38 என்று தோற்றது. வெஸ்ட் செஸ்டர் கேத்தி ரஷ் தாமே படித்த கல்லூரி. முப்பத்திரண்டு புள்ளி வேறுபாட்டை எந்தச் சமாதானத்தாலும் மறைக்க முடியாது.

ஆயினும் தேசியப் போட்டிக்குத் தகுதி கிடைத்தது. போகப் பணம்தான் இல்லை. மாணவியர் டூத்பிரஷ் விற்றுக் கூடப் பணம் திரட்டினர். எட்டு ஆட்டக்காரிகளுக்குத்தான் பயணச் செலவு தேறியது. இடம் காலியாக இருந்தால் மட்டுமே ஏறக்கூடிய மலிவுச் சீட்டில் விமானம் ஏறினர். வந்திருந்த பதினாறு அணிகளுள் இவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த தரவரிசை பதினைந்து.

மூன்று ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தபோது, எதிரில் நின்றது அதே வெஸ்ட் செஸ்டர்! அன்று இம்மாக்குலேட்டா 52–48 என்று வென்றது. அணியும் எதிரணியும் அவையே. சில நாட்களுக்குள் யாரும் உயரமாக வளர்ந்துவிடவில்லை. மாறியது ஆட்டத்தைப் பற்றிய அறிவும், தோல்வியைப் பார்த்த பார்வையும்தான். தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய தாளை மடித்து ஒளித்து வைப்பவளும் உண்டு, அதை விரித்து வைத்து எங்கே தவறினோம் என்று பார்ப்பவளும் உண்டு. இரண்டாமவளே அடுத்த தேர்வில் தேறுகிறாள்.

1973இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் மீண்டும் பட்டம். 1974இல் மூன்றாம் முறையும் பட்டம். கன்னியர் ஆட்டங்களைக் காணத் திரளாக வந்தனர். ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கொடுத்த தகர வாளிகளைத் தட்டி அருட்சகோதரியர் எழுப்பிய ஆரவாரம் நாடெங்கும் பெயர் பெற்றது!

1975 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் இவ்வணி ஆடிய ஆட்டமே அந்நாட்டில் தேசியத் தொலைக்காட்சியில் வந்த முதல் கல்லூரி மகளிர் கூடைப்பந்தாட்டம். அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்கள் ஆடிய முதல் கல்லூரி ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 12,000 பேர் வந்தனர். அதிலும் இம்மாக்குலேட்டாவே வென்றது. அந்த ஆண்டே பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணிக்கும் கேத்தி ரஷ்ஷே பயிற்சியாளர்.

விலகல்

எல்லா ஏற்றத்திற்கும் ஓர் இறக்கம் உண்டு. 1972இல் அமெரிக்கா, அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களுக்கு வேறுபாடு காட்டலாகாது என்று சட்டம் செய்தது. விளையாட்டிலும் பெண்களுக்குக் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆட்டக்காரிகளுக்கு உதவித்தொகை தரவும் அனுமதி வந்தது. வசதி படைத்த பல்கலைக்கழகங்கள் திறமையான பெண்களை அழைத்துக்கொண்டன. சிறு கல்லூரியால் அவ்வாறு செய்ய இயலவில்லை. 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் இம்மாக்குலேட்டா தோற்றது.

1977இல், முப்பது வயதில், கேத்தி ரஷ் பதவியிலிருந்து விலகினார். ஏழு பருவங்களில் அவர் அணி வென்றவை 149, தோற்றவை 15. பின்னர் சிறுமியருக்கும் இளைஞருக்கும் விளையாட்டு முகாம்கள் நடத்தினார். பெண்களுக்குக் கதவு திறந்ததே அவருடைய கல்லூரியின் முதலிடத்தைப் பறித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தக் கதவைத் தட்டியவர்களுள் அவரும் ஒருவர் அல்லவா?

விளக்கில் ஏற்றிய விளக்கு

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கேத்தி ரஷ்ஷிடம் ஆடிய தெரேசா கிரென்ட்ஸ் தாமே பயிற்சியாளராகி, 1982இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியைத் தேசியப் பட்டம் பெறச் செய்தார். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணிக்கும் அவரே பயிற்சியாளர். மேரியான் ஸ்டான்லி, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக அணியை 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெறச் செய்தார். நெய்ஸ்மித் பெயரால் விளங்கும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 2008இல் கேத்தி ரஷ்ஷும், 2014இல் அவருடைய பழைய அணியும், 2022இல் இந்த இரு மாணவியரும் இடம்பெற்றனர்.

கோப்பைகள் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. கற்றுக்கொண்டவர்களோ அடுத்தவருக்குக் கற்பிக்கச் சென்றுவிட்டார்கள். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. தம் மாணவி ஒருநாள் தம்மைப் போலவே கற்பிக்கும் நிலைக்கு உயர்வதே பயிற்சியாளரின் உண்மையான வெற்றி.

நமக்கு

மாணவியரே, உங்களுள் பலர் ஒன்பதாம் வகுப்பு வரை ஆர்வமாக ஆடுகிறீர்கள். பொதுத்தேர்வு ஆண்டு வந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். முழுக் களம் கிடைத்த பிறகும் நடுக்கோட்டிலேயே நின்றுவிடுவதற்கு இது ஒப்பாகும். கேத்தி ரஷ்ஷின் ஆட்டக்காரிகளும் பாடம் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள், பட்டம் பெற்றார்கள். மாலையில் ஒரு மணி நேரத்தை ஒழுங்காக ஆடத் தெரிந்தவளுக்கு மற்ற நேரத்தை ஒழுங்காகப் படிக்கவும் தெரியும்.

பெற்றோரே, உங்கள் மகள் எல்லாரும் அறிந்த ஆட்டக்காரியாக வராமல் போகலாம். ஆனால் பின்தங்கியபோது கலங்காமல் இருப்பதையும், தன்னைவிட நன்றாக ஆடுபவளுக்குப் பந்தை மனமாரக் கொடுப்பதையும் களத்தில் கற்கிறாள். இவை புத்தகத்தில் மட்டும் படித்து வருவன அல்ல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் அறிந்ததே.

அடுத்த விளையாட்டு விழாவில் புகைப்படம் எடுக்கும்போது, ஓரத்தில் நிற்கும் உங்கள் உடற்கல்வி ஆசிரியையைக் கைபிடித்து நடுவில் நிறுத்துங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. பெண்களுக்கென இருந்த ஆறு பேர் ஆட்ட விதிக்குக் காரணமான எண்ணம் எது? அது சரியா?
2. முழுக்கள நெருக்குதலில் ஒருத்தி மட்டும் சோம்பி நின்றால் என்ன நேரும்? வகுப்பறையிலிருந்து இதற்கு ஓர் உதாரணம் தருக.
3. 70–38 என்று தோற்ற அணி, அதே எதிரணியை 52–48 என்று வென்றதிலிருந்து நீ அறிவது யாது?
4. உனக்குக் கற்பித்த ஒன்றை நீ யாருக்குக் கற்பித்திருக்கிறாய்?