குருதியின் விதைநெல்

மக்கள் உடலில் ஓடும் குருதி, நேற்று ஓடிய குருதியே அன்று. செவ்வணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்களே. முதிர்ந்தவை மறைய மறைய, நொடிதோறும் 20 இலட்சத்துக்குக் குறையாத புதிய செவ்வணுக்கள் எலும்பினுள் உள்ள மஜ்ஜையில் தோன்றுகின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் பிறக்கும் இடமும் அதுவே. இவை யாவும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளா, ஒவ்வொன்றிற்கும் தனித்தனித் தாயுண்டா என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. அவ்வழக்கைத் தீர்த்தவர்கள் எர்னஸ்ட் மக்கல்லக், ஜேம்ஸ் டில் என்னும் கனடா நாட்டு அறிஞர் இருவர்.

மக்கல்லக் 1926ஆம் ஆண்டு டொரான்டோ நகரில் செல்வக் குடியில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் கற்று 1948இல் பட்டம் பெற்றார். 1957இல், அங்குப் புதிதாக அமைந்த ஒன்டாரியோ புற்றுநோய் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடன் கூடியவர் டில். இவர் மேற்குக் கனடாவில் உழவர் குடியில் பிறந்து, இயற்பியல் பயின்றவர். மக்கல்லக்கின் மனம் பல திசையும் பறந்து செல்லும். டில்லோ எதனையும் அளந்து பார்த்த பின்னரே ஒப்புவார். எருது இரண்டும் வேறுவேறு நடையின. எனினும் உழுத சால் கோணவில்லை.

அணுகுண்டின் அச்சம் உலகைக் கவ்வியிருந்த காலம் அது. 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் குண்டுவீச்சுக்குத் தப்பியவருள்ளும் பலர், கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்து சில வாரங்களில் மாண்டனர். எஞ்சியோரிடையே பின்னாளில் குருதிப் புற்றுநோய் மிகுந்தது. கதிர்பட்ட உயிரைக் காக்க எத்துணை மஜ்ஜையணுக்கள் வேண்டும்? இதனை அறியவே இருவரும் சுண்டெலிகளின்மீது கதிர் பாய்ச்சி, பின்னர் அவற்றின் குருதியில் மஜ்ஜையணுக்களைச் செலுத்தி ஆராய்ந்து வந்தனர்.

1960ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளாயினும் மக்கல்லக் ஆய்வகம் சென்றார். மஜ்ஜையணுக்கள் செலுத்திப் பத்து நாள் கழிந்த சுண்டெலிகளை அறுத்து நோக்கியபோது, மண்ணீரலின்மேல் சிறுசிறு கணுக்கள் புடைத்திருக்கக் கண்டார். தேடிச் சென்றது ஒன்று. கண்ணிற் பட்டது வேறொன்று. பிறராயின் புறக்கணித்திருத்தல் கூடும். மக்கல்லக் அவற்றை எண்ணினார். எண்ணியதை வரைபடத்தில் குறித்தார். செலுத்திய அணுக்கள் இருமடங்காயின், கணுக்களும் இருமடங்காயின. ஏறத்தாழ 10,000 அணுக்களுக்கு ஒரு கணு வீதம் தோன்றியிருந்தது. ஒரு கணுவினுள்ளேயே செவ்வணுவும், வெள்ளணுவும், தட்டணுக்களை ஈனும் பேரணுவும் கலந்திருந்தன.

இச்செய்தி 1961இல் வெளிவந்தது. அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. ஒரு கணு ஓரணுவிலிருந்தே கிளைத்தது என்பதற்குச் சான்று யாது? ஆண்ட்ரு பெக்கர் என்னும் மாணவர் துணையுடன் அச்சான்றையும் தேடினர். செலுத்திய அணுக்களின்மீது மீண்டும் கதிர் பாய்ச்ச, பிழைத்த சிலவற்றின் குரோமோசோம்கள் முறிந்து பொருந்தி வடுப்பட்டன. ஒன்றன் வடு மற்றொன்றன் வடுவை ஒவ்வாது. அத்தகைய கணுக்களை ஆராய்ந்தபோது, ஒரு கணுவில் பெருகிய அணுக்களெல்லாம் ஒரே வடுவைத் தாங்கியிருந்தன! தாயின் மச்சம் மக்கள் அனைவரிடமும் காணப்பட்டது போலும் அது. 1963இல் இச்சான்று வெளியாயிற்று. கணுவின் அணுக்களை மற்றொரு சுண்டெலியிற் செலுத்த, அங்கும் புதிய கணுக்கள் தோன்றுதலையும் அவ்வாண்டே காட்டினர். விளைந்ததையெல்லாம் உண்டுவிடாது விதைநெல் எடுத்துவைக்கும் உழவனைப் போல, அத்தாயணு பிற அணுக்களை ஈனுவதோடு தன்னைப் போன்றதையும் ஈன்று வைக்கிறது. இதனையே குருத்தணு என்றும், ஸ்டெம் செல் என்றும் வழங்குவர்.

பின்னர் மக்கல்லக் தம் ஆராய்ச்சியைக் குருதிப் புற்றுநோயின்பாற் செலுத்தினார். நோயாளியின் குருதியில் எண்ணிறந்த தீய அணுக்கள் இருப்பினும், அவற்றுள் பெருகும் ஆற்றலுடையவை சிலவே என்பது அவர் கண்ட உண்மை. அதே டொரான்டோவில் ஜான் டிக் என்பார் 1994இல், சுண்டெலியினுள் இந்நோயைத் தோற்றுவிக்கவல்லது ஏறத்தாழ 2,50,000 தீய அணுக்களுள் ஒன்றே எனக் காட்டினார். மருந்துக்குப் பணிந்த நோய் மீண்டும் தலைதூக்குவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கிற்று. கோரையின் தாளை அறுத்தால் போதுமா? மண்ணுள் கிழங்கு கிடக்கிறதன்றோ!

மக்கல்லக்கும் டில்லும் 2005இல் லாஸ்கர் பரிசு பெற்றனர். மக்கல்லக் 2011இல் தாம் பிறந்த நகரிலேயே காலமானார். விதைநெல்லும் கோரைக்கிழங்கும் ஒரே மண்ணில் கலந்து கிடக்கின்றன. ஒன்றைக் காத்து மற்றொன்றை மட்டும் அழிக்கும் மருந்தினை ஆய்வாளர் இன்றும் தேடி வருகின்றனர்.